கரந்தியங்கும் வினை: ‘ஸ்னீக்’ என்னும் ஆங்கிலச் சொல்லும் 1663ஆம் ஆண்டுப் புனே நிகழ்ச்சியும்

1. முன்னுரை

1663ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் இரவு, சிவாஜி தம் வீரர்களுடன் புனே நகருக்குள் சென்று, லால் மகாலில் தங்கியிருந்த முகலாயத் தளபதி சாயிஸ்தா கானைத் தாக்கினார். கான் விரலிழந்து உயிர் தப்பினார். அவர் மகன் அபுல் ஃபத் கொல்லப்பட்டார். ஔரங்கசீப்பின் தாய்மாமனான அத்தளபதி பின்னர் வங்காளத்துக்கு மாற்றப்பட்டார். தக்காண வரலாற்றில் பலரும் பல மொழிகளில் எழுதிய நிகழ்ச்சி இது.

மேலே முதல் தொடரில் ‘சென்று’ என்னும் பொதுவினை ஆளப்பட்டுள்ளது. அதனிடத்தில் ‘புகுந்து’, ‘பதுங்கிச் சென்று’, ‘ஓசைப்படாமல் நுழைந்து’, ‘களவாக நுழைந்து’, ‘திருட்டுத்தனமாக நுழைந்து’ என்பனவற்றுள் எதனையும் வைக்கலாம். எதனை வைத்தாலும் அவ்விரவில் நடந்தது மாறாது. ஆனால் நடத்தியவர் மாறிவிடுவார். ஒரு சொல்லில் அவர் படைத்தலைவர். மற்றொரு சொல்லில் கள்வர். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட தக்காண வரலாற்று நூல்களைத் தமிழில் பெயர்ப்போர் இந்தத் தேர்வைச் செய்யாமல் ஒரு பக்கமும் நகர இயலாது.

இக்கட்டுரை, மறைவாக இயங்குதலைக் குறிக்கும் ஆங்கில வினைகளுள் ‘ஸ்னீக்’ என்பதை முதன்மையாகக் கொண்டு, அதன் பொருட்கூறுகளையும் வழக்கையும் ஆராய்கிறது. அவ்வினைக்கு நேராகத் தமிழும் மராட்டியும் கையாளும் வழிகளை ஒப்பிட்டு, புனே நிகழ்ச்சியை உரைகல்லாக வைத்து, ஆங்கில–தமிழ் அகராதிகளின் பதிவு முறை எங்கே போதாமற்போகிறது என்பதைச் சுட்டுகிறது.

2. ஆங்கில வினைக்குழு

ஓசையும் தோற்றமும் வெளிப்படாமல் இயங்குதலைக் குறிக்க ஆங்கிலத்தில் ஒரு பெரிய வினைக்குழு உண்டு. ‘க்ரீப்’, ‘ஸ்டீல்’, ‘ஸ்னீக்’, ‘ஸ்லிங்க்’, ‘ஸ்கல்க்’, ‘ப்ரவுல்’, ‘ஸ்டாக்’, ‘சைடில்’ என்பன அவற்றுள் சில. பெத் லெவின் 1993இல் வெளியிட்ட ஆங்கில வினை வகுப்புகள் பற்றிய நூலில் ‘ஸ்னீக்’, ‘ஸ்லிங்க்’, ‘ஸ்கல்க்’, ‘க்ரீப்’ முதலியன ஓடுதலைத் தலைமையாகக் கொண்ட இயக்கமுறை வினைகளின் பட்டியலில், நொண்டுதல், துள்ளுதல், தள்ளாடுதல் ஆகியவற்றோடு இடம்பெறுகின்றன. தொடரியல் நடத்தையை மட்டும் நோக்கின் இது பொருத்தமே. பொருண்மையை நோக்கின் ஒரு வேறுபாடு உடனே புலப்படும். நொண்டுபவனைப் பார்க்க ஒருவரும் இல்லாவிடினும் அவன் நொண்டுகிறான். ‘ஸ்னீக்’ செய்பவனுக்கோ, பார்த்துவிடக்கூடிய ஒருவன் எங்கேனும் இருக்க வேண்டும். ஆளில்லாத தீவில் ஒருவன் மெல்ல நடக்கலாம். ‘ஸ்னீக்’ செய்ய இயலாது.

எனவே இக்குழுவின் பொருளை மூன்று கூறுகளாகப் பகுத்தல் வேண்டும். முதலாவது இயங்குமுறை: மெதுவாக, தாழ்ந்து, ஓசையின்றி. இரண்டாவது மறைப்பு: குறிப்பிட்ட ஒருவரின் கண்ணிலோ காதிலோ படாமை. மூன்றாவது மதிப்பீடு: சொல்பவர் செய்தவர்மீது வைக்கும் தீர்ப்பு. இம்மூன்றும் வினைதோறும் வெவ்வேறு அளவில் கலந்துள்ளன.

‘க்ரீப்’ என்பதில் இயங்குமுறை மேலோங்கி நிற்கும். மூப்பும் விலையேற்றமும்கூட இவ்வினையைக் கொள்ளும். ‘ப்ரவுல்’ இரைதேடும் விலங்கின் உலாவல். ‘ஸ்டாக்’ ஒரு குறியைத் தொடரும் வேட்டுவன் நடை. இன்று அது குற்றவியற் சொல்லும் ஆகிவிட்டது. இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 2013ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அக்குற்றம் சேர்க்கப்பட்டபோது தமிழில் ‘பின்தொடர்தல்’ என்ற சொல்லே கைக்கு எட்டியது. ஊர்வலத்தைப் பின்தொடர்வதும் அதே சொல்தான் என்பது அதன் குறை. ‘ஸ்கல்க்’ தீய எண்ணத்தோடு அல்லது கடமைக்கு அஞ்சி மறைந்து திரிதல். ‘ஸ்லிங்க்’ பெரும்பாலும் விலகிச் செல்லுதலையே குறிக்கும். அடிபட்ட நாய் வாலைச் சுருட்டிக்கொண்டு போவது அதற்குச் சரியான படிமம்.

இவற்றுள் நெருங்கிய இணையாகவும் கூர்மையான எதிராகவும் நிற்பவை ‘ஸ்டீல்’, ‘ஸ்னீக்’ என்னும் இரண்டு. ‘ஸ்டீல்’ என்பதன் அடிப்படைப் பொருள் திருடுதல். பழைய ஆங்கிலத்திலேயே அது திருடுதலைக் குறித்தது. பின்னர் மறைவாகச் செல்லுதல் என்னும் பொருளும் சேர்ந்தது. மறைவியக்கத்தின் பெயராகிய ‘ஸ்டெல்த்’ என்பதும் அவ்வினையிலிருந்தே பிறந்தது. தொடக்கத்தில் அதற்குத் திருட்டு என்றே பொருள். ‘ஸ்னீக்’ என்பது 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுத்து வழக்கில் தோன்றுகிறது. ஊர்தலைக் குறித்த பழைய ஆங்கில வினை ஒன்றோடு அதற்கு உறவு இருக்கலாம் எனக் கருதுவர்.

பிறப்பை நோக்க, திருட்டிலிருந்து வந்த சொல் பழியேற்றும் என்றும், ஊர்தலிலிருந்து வந்த சொல் நடுநிலையானது என்றும் எதிர்பார்க்கலாம். வழக்கு இதற்கு நேர்மாறானது. இயக்கப் பொருளில் ‘ஸ்டீல்’ பழியைக் கழற்றிவிட்டது: உறங்கும் குழந்தையை எழுப்பாமல் தாய் அறையைவிட்டு வருவதற்கும், அந்தி கவிவதற்கும், காதலர் நோக்குக்கும் அது பொருந்தும். ‘ஸ்னீக்’ பழியைச் சேர்த்துக்கொண்டது: செய்பவனுக்கு அங்குச் செல்ல உரிமையில்லை, அவன் நேர்நின்று செய்யத் துணியவில்லை என்னும் குறிப்பு அதில் ஒட்டியுள்ளது. சொல்லின் வேரைக் கொண்டு மதிப்பீட்டை அறியவியலாது என்பதற்கு இவ்விணையைக் காட்டிலும் நல்ல சான்று அரிது.

3. ‘ஸ்னீக்’: வழக்கு

‘ஸ்னீக்’ தனியே நிற்பது குறைவு. திசை காட்டும் துணைச்சொல் ஒன்று அதனுடன் பெரும்பாலும் வரும். பொருளின் பாதி அத்துணைச்சொல்லில் உள்ளது. ‘இன்’ சேர்ந்தால் உரிமையற்ற இடத்துக்குள் நுழைதல். ‘ஆஃப்’, ‘அவே’ சேர்ந்தால் இருக்க வேண்டிய இடத்திலிருந்து நழுவுதல். ‘பாஸ்ட்’ சேர்ந்தால் காவலரைக் கடத்தல். ‘அப் ஆன்’ சேர்ந்தால் அறியாதிருப்பவனைப் பின்புறமாக நெருங்குதல். இங்கு மறைப்புக்கு உள்ளாகுபவரும் சென்றடையும் இலக்கும் ஒருவரே. இவ்வமைப்பில்தான் பொருள் உருவகமாக விரிகிறது: தேர்வும் முதுமையும் மனிதனை இவ்வாறே ‘நெருங்கும்’.

செயப்படுபொருளை ஏற்கும்போது பொருள் மேலும் மாறும். ஒரு பொருளை உள்ளே ‘ஸ்னீக்’ செய்தல் ஒளித்துக் கொண்டுசெல்லுதல். ஒரு பார்வையை ‘ஸ்னீக்’ செய்தல் கடைக்கண்ணால் நோக்குதல். ஒரு தின்பண்டத்தை ‘ஸ்னீக்’ செய்தல் பிறர் அறியாமல் எடுத்துத் தின்னுதல். பெயராக வரும்போது, பிரித்தானியப் பள்ளி வழக்கில், ஆசிரியரிடம் கோள் சொல்லும் மாணவனைக் குறிக்கும். இயக்கம் முற்றும் மறைந்து மதிப்பீடு மட்டும் எஞ்சிய நிலை இது. இதன் மறுகோடி ‘ஸ்னீக்கர்’. அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஓசையெழுப்பாத ரப்பர் அடிப்பகுதி கொண்ட காலணிக்கு வழங்கத் தொடங்கிய இப்பெயரில் பழி ஒரு சிறிதும் இல்லை.

தமிழகத் திரைப்பட விளம்பரங்களில் இன்று ‘ஸ்னீக் பீக்’ எனத் தமிழெழுத்திலேயே வழங்கும் தொடரும் கருதத்தக்கது. படத்தைத் தயாரித்தவரே ஊரறியக் காட்டும் காட்சிக்கு, ஒளிந்து பார்த்தல் என்று பெயர். மறைப்பவரும் இல்லை, மறைப்புக்கு உள்ளாகுபவரும் இல்லை. பார்வையாளருக்குச் சலுகை கிடைத்த மகிழ்ச்சியை ஊட்டுவதற்கு மறைவின் நிழல் மட்டும் வைத்துக்கொள்ளப்பட்டுள்ளது.

இறந்தகால வடிவிலும் ஒரு குறிப்பு உண்டு. ‘ஸ்னீக்ட்’ என்பது பழைய முறையான வடிவம். ‘ஸ்னக்’ என்பது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க வழக்கில் தோன்றிப் பரவியது. முன்னது எழுத்து நடையின் விறைப்பையும் பின்னது பேச்சின் எளிமையையும் தாங்கும். தமிழில் இவ்வேறுபாட்டை வினைவடிவில் காட்டவியலாது. ‘ஓசைப்படாமல்’, ‘நைசாக’ போன்ற அடைகளின் தேர்வில்தான் காட்டவியலும்.

4. தமிழின் தொடரமைப்பு

லெனார்டு டால்மி வகுத்த பாகுபாட்டின்படி, ஆங்கிலம் இயக்கத்தின் முறையை வினையடியிலும் திசையைத் துணைச்சொல்லிலும் வைக்கும் மொழி. தமிழ் திசையை வினையடியில் வைக்கும்: நுழை, புகு, வெளியேறு, கட, ஏறு, இறங்கு. முறையைச் சொல்ல வேண்டின் வினையெச்சமோ அடையோ முன்வரும். ஆங்கிலம் ஒரு வினையாற் சொல்வதைத் தமிழ் ‘பதுங்கிச் சென்று நுழைந்தான்’ என மூன்று வினைகளாற் சொல்வது இதனால்தான். இது தமிழின் வறுமை அன்று. செய்தியைப் பங்கிடும் முறை வேறு.

அகராதிகள் ‘ஸ்னீக்’ என்பதற்கு நேராகத் தரத்தக்க தமிழ் வினைகளைத் தொடரில் வைத்துச் சோதித்தால் இது விளங்கும். ‘பதுங்கு’ முதலில் நினைவுக்கு வருவது. ஆனால் ‘வீட்டுக்குள் பதுங்கினான்’ என்றால் வீட்டுக்குள் ஒளிந்துகொண்டான் என்றே தமிழர் பொருள் கொள்வர். மறைவாக உள்ளே சென்றான் என்று கொள்ளார். ‘பதுங்கு’ நிலையைக் குறிக்கும் வினை. இயக்கம் வேண்டின் ‘செல்’, ‘வா’ என ஒன்றைச் சேர்க்க வேண்டும். மேலும் அதன் மதிப்பீடு இருமுகம் கொண்டது. புலி பதுங்குவது பாய்வதற்காக என்னும் பழமொழி அதனை வலிமையின் முன்னிலையாகக் காண்கிறது; ‘எங்கோ பதுங்கிக் கிடக்கிறான்’ என்னும் பேச்சு அச்சத்தின் பின்னிலையாகக் காண்கிறது.

‘நழுவு’ விலகுதலுக்கு மட்டும் உரியது. ‘கூட்டத்திலிருந்து நழுவினான்’ என்பது இயல்பு. ‘கூட்டத்துக்குள் நழுவினான்’ என்பது மொழிபெயர்ப்பின் வாடை வீசுவது. கடமையைத் தட்டிக்கழித்தல் என்னும் குறிப்பும் அதில் உண்டு. ‘ஊர்’ எறும்புக்கும் பாம்புக்கும் உரியது. ‘பம்மு’ உடலைக் குறுக்குவது. வட்டார வழக்கின் சுவையுடையது. ‘ஒளி’ என்பதும் நிலைவினையே.

ஆகவே மறைவையும் திசையையும் ஒருசேரத் தாங்கும் தனிவினை தமிழில் இல்லை. அப்பணியை அடைகளே ஆற்றுகின்றன. அவற்றில் தமிழ் செழிப்புடையது. ‘அரவமின்றி’, ‘சந்தடியின்றி’, ‘அடிமேல் அடிவைத்து’ என்பன இயங்குமுறையை மட்டும் சொல்லும். ‘கண்ணில் படாமல்’, ‘யாரும் அறியாமல்’ என்பன மறைப்பைச் சொல்லும். ‘திருட்டுத்தனமாக’, ‘கொல்லைப்புற வழியாக’ என்பன மதிப்பீட்டைச் சொல்லும். ‘கமுக்கமாக’, ‘நைசாக’ என்பன திறமையை மெச்சும் குறும்பான மதிப்பீட்டைச் சேர்க்கும். ஆங்கிலம் ஒரு வினைக்குள் கட்டிவைத்த மூன்று கூறுகளையும் தமிழ் தனித்தனியே எடுத்து வைக்கவல்லது. மொழிபெயர்ப்பாளருக்கு இது வசதி. அதேவேளை பொறுப்பும் ஆகும். ஆங்கில வினையில் உறங்கிக்கிடக்கும் தீர்ப்பை அவர் தமிழில் உரக்கச் சொல்லலாம், சொல்லாமலும் விடலாம். இரண்டில் எது செய்தாலும் அது அவர் செயலே.

5. ‘களவு’ என்னும் சொல்லின் மரபு

திருட்டைக் குறிக்கும் சொல் மறைவையும் குறித்தல் ஆங்கிலத்துக்கு மட்டும் உரியதன்று. தமிழில் ‘கள்’ என்னும் அடியிலிருந்து களவு, கள்ளம், கள்வன் ஆகியன பிறந்தன. இச்சொற்களின் மதிப்பீடு பழந்தமிழில் ஒருவழிப்பட்டதாக இல்லை.

அகத்திணையில் களவு என்பது தலைவனும் தலைவியும் பிறரறியாது கூடும் ஒழுக்கம். இரவுக்குறிக்கு வரும் தலைவனின் நடை, மறைவியக்கத்துக்குத் தமிழ் இலக்கியம் தரும் மிக விரிவான சித்திரம் எனலாம். காவலர், உறங்காத தாய், குரைக்கும் நாய், வெளிப்படுத்தும் நிலவு என அவன் யாருடைய கண்ணுக்குத் தப்ப வேண்டும் என்பது அங்கு வரிசையாகச் சொல்லப்படும். மறைப்புக் கூறு இத்துணை நுட்பமாக வளர்ந்த இம்மரபில் பழிக்கூறு இல்லை. இறையனார் களவியலுரை இதனை ஒரு வினாவாகவே எழுப்பிக்கொண்டு, களவு என்ற சொல்லைக் கேட்ட அளவிலேயே அது தீது எனக் கொள்ளலாகாது, அச்சொல் நல்லதைக் குறிக்கும் இடமும் உண்டு என விடை காண்கிறது. பொருண்மையையும் மதிப்பீட்டையும் பிரித்துக் காணும் ஆய்வு தமிழுக்குப் புதிதன்று என்பதற்கு இவ்வுரை சான்று. சீகாழிப் பதிகத்தில் திருஞானசம்பந்தர் இறைவனையே கள்வன் என அழைப்பதும் இவ்வழியில் வைத்து எண்ணத்தக்கது.

புறத்திணையில் நிலை இன்னும் கூர்மையானது. தொல்காப்பியர் வெட்சித்திணையை இலக்கணப்படுத்தும்போது, பகைநாட்டு ஆநிரையைக் கவரும் செயலைக் களவு என்றே சுட்டுகிறார். அச்செயலைச் செய்வோர் வேந்தனால் ஏவப்பட்ட வீரர் என்றும் வரையறை செய்கிறார். பிற்காலத்துப் புறப்பொருள் வெண்பாமாலை, மன்னன் ஏவலாற் செய்வது, தானே செய்வது என இதனை இரண்டாக்குகிறது. இவ்வேறுபாடு தற்செயலானதன்று. செயல் ஒன்றே, அதைப் போராக்குவதும் திருட்டாக்குவதும் ஏவியவனின் உரிமையே என்பதைத் தொல்காப்பிய வரையறை உள்ளடக்கியுள்ளது. ‘ஸ்னீக்’ என்னும் வினையில் ‘உரிமையின்மை’ என்ற குறிப்பு ஒட்டியிருப்பதை இதனோடு இணைத்துப் பார்க்க வேண்டும்.

தற்காலத் தமிழில் இந்நெகிழ்வு பெரிதும் சுருங்கிவிட்டது. ‘கள்ளச்சிரிப்பு’, ‘கள்ளப்பார்வை’ முதலிய சில தொடர்களில் பழைய இனிமை எஞ்சியுள்ளது. ‘கள்ளப்பணம்’, ‘கள்ளச்சந்தை’, ‘கள்ளவாக்கு’ என்பன சொல்லைக் குற்றத்தின் பக்கம் சாய்த்துவிட்டன. எனவே ‘களவாக நுழைந்தான்’ என்று இன்று எழுதும் மொழிபெயர்ப்பாளர் தொல்காப்பியக் களவை நினைத்து எழுதினாலும், வாசகர் சந்தைக் களவையே நினைத்துப் படிப்பர்.

6. மராட்டி தரும் ஒப்புமை

நிகழ்ச்சி நடந்த மண்ணின் மொழி இச்சிக்கலை வேறுவிதமாகத் தீர்த்துக்கொண்டுள்ளது. மராட்டியில் திருடுதலைக் குறிக்கும் வினையின் எச்சமாகிய ‘சோரூன்’ என்பது, ‘திருடி’ என்னும் பொருளோடு ‘பிறரறியாமல்’ என்னும் வினையடைப் பொருளையும் தருகிறது. அவ்வாறு நோக்கினான், அவ்வாறு கேட்டான் எனப் பல வினைகளுடனும் அது சேரும். ஆங்கில ‘ஸ்டீல்’ சென்ற பாதையும் இதுவே.

இதனினும் சிறந்தது ‘சோர்பாவ்லாந்நீ’ என்னும் தொடர். சொல்லுக்குச் சொல் ‘கள்ளன் அடிகளால்’ எனப் பொருள்படும். மறைவாக வரும் மனிதனுக்கு மட்டுமன்றி, அறியாமல் வந்தடையும் இளவேனிலுக்கும் மூப்புக்கும் துன்பத்துக்கும் இத்தொடர் வழங்கும். கள்ளன் சொல்லில் இருக்கிறான்; பழி தொடரில் இல்லை. ‘லபூன் சபூன்’ என்னும் இரட்டைச்சொல் தமிழின் ‘மறைந்து மறைந்து’ என்பதோடு ஒத்தது. ‘தபா தரணே’ என்பது பாய்வதற்காகப் பதுங்கிக் காத்தல். தமிழ்ப் பழமொழியின் புலிக்கு உரிய வினை.

இவையெல்லாவற்றையும் கடந்து நிற்கும் கலைச்சொல் ‘கனிமீ காவா’. ‘கனீம்’ என்பது அரபு–பாரசீக வழியாக வந்த, பகைவனைக் குறிக்கும் சொல், ‘காவா’ சூழ்ச்சி. சொல்லளவில் ‘பகைவனின் சூழ்ச்சி’ எனப் பொருள்படும் இத்தொடர், மராட்டியர் தம் போர்முறைக்குப் பெருமையோடு வழங்கும் பெயராக நிலைத்துவிட்டது. ஆங்கில நூல்கள் இதனை ‘கெரில்லா’ என்னும் ஸ்பானியச் சொல்லால் பெயர்க்கின்றன. அச்சொல் சிறுபோர் என்னும் பொருளது. 1808 முதல் 1814 வரை ஐபீரியத் தீவக்குறையில் நெப்போலியன் படைகளுக்கு எதிராக நடந்த போரினால் ஆங்கிலத்துக்கு அறிமுகமானது. சூழ்ச்சியைச் சொல்லும் மராட்டிச் சொல்லும் அளவைச் சொல்லும் ஸ்பானியச் சொல்லும் ஒன்றாகா. தமிழில் வழங்கும் ‘கரந்துறைப் போர்’ மறைப்பைச் சொல்வது. மூன்று மொழிகளும் ஒரே போர்முறையின் மூன்று கூறுகளைப் பெயராக்கியுள்ளன.

7. புனே நிகழ்ச்சி: ஐந்து கட்டங்கள்

இப்பின்னணியில் 1663ஆம் ஆண்டு நிகழ்ச்சியை நோக்கலாம். சாயிஸ்தா கான் 1660இல் புனேயைக் கைப்பற்றி, சிவாஜி இளமையில் வளர்ந்த லால் மகாலையே உறைவிடமாக்கிக்கொண்டார். இன்று அங்கே காணப்படும் கட்டடம் பிற்காலத்தில் மீண்டும் எழுப்பப்பட்டது. நிகழ்ச்சியைப் பற்றி முகலாயர் சார்பில் எழுதிய பாரசீக வரலாறுகள், மராட்டிப் பக்கர்கள், ஆங்கில வணிக நிலையத்தாரின் கடிதங்கள் ஆகியன உள்ளன. ஆங்கிலத்தில் கிராண்ட் டஃப் 1826இலும் ஜதுநாத் சர்க்கார் 1919இலும் வெளியிட்ட நூல்கள் பரவலாகப் பயின்றவை.

ஆங்கிலத்தில் இந்நிகழ்ச்சியை ‘ஸ்னீக்’ என்ற ஒரு வினையால் சுருக்கிவிடலாம். ஆனால் மூலச் செய்திகளைக் கட்டம் கட்டமாகப் பிரித்தால் அவ்வினை எவ்வளவு மறைக்கிறது என்பது தெரியவரும்.

முதற்கட்டம் முகாமுக்குள் நுழைதல். சர்க்கார் தரும் விவரப்படி, 400 வீரர்கள் காவலர் கேட்டபோது தாங்கள் பேரரசுப் படையைச் சேர்ந்த தக்காண வீரர் எனக் கூறிச் சென்றனர். காஃபி கானின் பாரசீக வரலாறு ஒரு திருமணக் கூட்டத்தைக் காரணம் காட்டி இசைவு பெற்று நுழைந்ததாகக் கூறும். எவ்வாறாயினும் அவர்கள் காவலரின் கண்ணெதிரே சென்றனர். மறைக்கப்பட்டது உடலன்று, அடையாளம். ஆங்கிலத்தில் ‘ஸ்னீக்’ இதற்கும் நீளக்கூடும். தமிழில் ‘பதுங்கி நுழைந்தனர்’ என்பது செய்திப் பிழையாகவே முடியும். ‘தம்மை இன்னார் என்று காட்டாது நுழைந்தனர்’ என்பதே பொருந்தும்.

இரண்டாம் கட்டம் முகாமின் ஓர் ஒதுக்கில் சில நாழிகை காத்திருத்தல். இங்குத் தமிழின் ‘பதுங்கியிருந்தனர்’ முழுமையாகப் பொருந்துகிறது. மராட்டியின் ‘தபா’ இதுவே.

மூன்றாம் கட்டம் மாளிகைக்குள் புகுதல். ரமலான் மாதத்து நள்ளிரவு. சமையற்கட்டு வழியே சென்று, செங்கல் வைத்து அடைக்கப்பட்டிருந்த ஒரு வாயிலைத் திறந்து உட்புகுந்தனர் என்பர். ஓசையடக்கமும் மறைவும் இங்கேதான் உண்மையாக உள்ளன. ஆங்கிலத்தில் ‘ஸ்டீல்’ இவ்விடத்துக்குரியது. தமிழ் மொழிபெயர்ப்பாளரை இவ்விடத்தில் ஒரு சொல் ஈர்க்கும்: ‘கன்னம் வைத்து’. சுவரைத் துளைத்து உட்புகுதலுக்குத் தமிழில் வழங்கும் மரபுத்தொடர் அது. செயலளவில் மிகப் பொருத்தமானது. ஆயினும் கன்னக்கோல் பிடித்த கை கள்வனின் கையே எனத் தமிழ் வழக்கு முடிவு செய்துவிட்டது. தொடரின் துல்லியத்துக்காக அதை ஏற்பவர் அதன் தீர்ப்பையும் ஏற்றவராவார். ‘அடைப்பைப் பெயர்த்து அரவமின்றிப் புகுந்தனர்’ என்பது செயலைச் சொல்லித் தீர்ப்பை வாசகருக்கு விட்டுவிடும்.

நான்காம் கட்டம் தாக்குதல். அப்போது வீரருள் சிலர் முரசு மண்டபத்துக்குச் சென்று, கானின் ஆணை எனக் கூறி வாத்தியங்களை முழக்கச் செய்தனர் எனச் சர்க்கார் எழுதுகிறார். கூக்குரலை முழக்கம் மூடியது. மறைவு இங்கு ஓசையின்மையால் அன்றி ஓசையால் அமைந்தது. மறைவியக்க வினைகள் அனைத்தும் ஓசையின்மையை உட்கொண்டவை எனக் கருதும் பொருண்மை விளக்கத்துக்கு இக்கட்டம் ஒரு தடை.

ஐந்தாம் கட்டம் வெளியேறுதல். ‘நழுவினர்’ என்பது இங்கு முற்றிலும் தவறு. தப்பியோடிய குறிப்பு அதில் உண்டு. செயல் முடித்துத் திரும்பியோருக்கு ‘மீண்டனர்’ என்பதே தக்கது.

ஐந்து கட்டங்களுக்கும் ஐந்து வினைகள் தேவைப்படும் இடத்தில் ஒற்றை வினை என்ன செய்கிறது? அது சொல்பவர் நிற்கும் இடத்தைக் காட்டுகிறது. முகலாயப் பார்வையில் சிவாஜி கலகக்காரர். அவர் முடிசூடியது 1674இல். உரிமையற்றவன் உள்ளே வந்தான் என்னும் ‘ஸ்னீக்’ அப்பார்வைக்கு இயைந்தது. சபாசத் பக்கர், சிவாஜியின் மகன் இராஜாராம் முகலாய முற்றுகைக்கு உள்ளாகியிருந்த 1690களில், தமிழ்நாட்டுச் செஞ்சியில் எழுதப்பட்டது. புனேயின் கதை தமிழ் மண்ணில் மராட்டியில் எழுதப்பட்ட அவ்வேளையில் சிவாஜி ஐயத்துக்கிடமற்ற அரசர். தம் வீட்டுக்குள் தாமே சென்றவர். தொல்காப்பியர் மொழியில் சொன்னால், ஒரு சாரார்க்கு ஏவும் வேந்தன் இல்லாத களவு. மற்றொரு சாரார்க்கு வேந்தனே முன்சென்ற வெட்சி.

மொழிபெயர்ப்பாளர் இவ்விரு சாராருள் எவரையும் சேர வேண்டியதில்லை. தம் மூலநூலாசிரியர் எங்கு நிற்கிறார் என்பதைக் காட்டுவதே அவர் கடன். மூலத்தில் ‘ஸ்னீக்’ இருந்தால் அதன் பழியைத் தமிழில் மென்மையாக்குவது, வாசகர் மனம் நோகாதிருக்கச் செய்யும் உதவிபோலத் தோன்றினும், நூலாசிரியரின் சார்பை மறைக்கும் செயலாகும். மூலத்தில் ‘ஸ்டீல்’ இருந்தால் அதன் வேரை நம்பித் ‘திருட்டுத்தனமாக’ என எழுதுவது அவர் சொல்லாத பழியைச் சுமத்துவதாகும். இரண்டாவது பிழையே மிகுதியாக நேரக்கூடியது. அகராதியில் திருடுதல் என்னும் பொருள் முதலில் நிற்பதே காரணம்.

8. அகராதிப் பதிவு

ஆங்கில–தமிழ் அகராதிகளின் பொதுமுறை, தலைச்சொல்லுக்கு நேராக இணைச்சொற்களை அடுக்கிச் செல்வது. பொருட்களுக்கும் கருவிகளுக்கும் இம்முறை போதும். ‘ஸ்னீக்’ போன்ற வினைக்கு இவ்வடுக்கு தீங்கு செய்யும்: நிலைவினையும் இயக்கவினையும், பழிச்சொல்லும் நடுநிலைச்சொல்லும் ஒரே வரியில் ஒப்புடையன போல நிற்கும். பயன்படுத்துவோர் தம் செவிக்கு இனிதானதை எடுத்துக்கொள்வர்.

மாற்றுமுறைக்கு முன்மாதிரிகள் உள்ளன. புனே டெக்கான் கல்லூரியில் 1948இல் தொடங்கப்பட்டு, 1976 முதல் வெளிவரும் வரலாற்றுமுறைச் சமஸ்கிருதப் பேரகராதி, ஒரு சொல்லின் பொருளை அது வழங்கிய இடங்களைக் கால வரிசையில் வைத்தே நிறுவுகிறது. தமிழில் 1992இல் வெளிவந்த கிரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, விளக்கத்தோடு எடுத்துக்காட்டுத் தொடரையும் தந்து, சொல்லின் மதிப்பீட்டை வழக்கின் வழி உணர்த்தியது. இவ்விரண்டும் செய்ததை ஆங்கில–தமிழ் அகராதியும் செய்ய வேண்டும்.

‘ஸ்னீக்’ என்பதற்கான பதிவு பின்வருமாறு அமையலாம். முதலில் துணைச்சொல் வாரியாகப் பிரித்தல்: உட்புறமாயின் ‘தெரியாமல் நுழை’, வெளிப்புறமாயின் ‘நழுவு’, கடத்தலாயின் ‘கண்ணில் படாமல் கட’, நெருங்குதலாயின் ‘பின்னால் அரவமின்றி வா’, பொருளை உடன்கொள்வதாயின் ‘ஒளித்துக் கொண்டுபோ’. அடுத்து, மதிப்பீட்டுக் குறிப்பு: பழி இயல்பாக உண்டு, குழந்தைகளைப் பற்றியும் விளையாட்டாகவும் பேசும்போது குறையும், பழியை வெளிப்படுத்த வேண்டின் ‘திருட்டுத்தனமாக’ என்னும் அடை, குறும்பைக் காட்ட வேண்டின் ‘நைசாக’ என்னும் அடை. இறுதியாக, பழியற்ற ‘ஸ்டீல்’ முதலியவற்றோடு ஒப்பிடுக என்னும் குறுக்குக் குறிப்பு. இவ்வளவுக்கும் பத்து வரிகள் போதும்.

9. முடிவுரை

மறைவியக்க வினைகள் பார்ப்பவன் ஒருவனை எப்போதும் வேண்டி நிற்பவை. சொல்பவன் ஒருவனின் தீர்ப்பையும் பெரும்பாலும் தாங்கி நிற்பவை. ஆங்கிலம் இவற்றை ஒரு வினையுள் அடக்குகிறது. தமிழ் வினை, எச்சம், அடை எனப் பகிர்ந்து வைக்கிறது. மராட்டி கள்ளனின் பெயரை வைத்துக்கொண்டே பழியை உதிர்த்துவிடுகிறது. இத்தகைய வினையைப் பெயர்க்குமுன் இரண்டு வினாக்களுக்கு விடை காணுதல் வேண்டும்: மறைவு யார் கண்ணுக்கு? தீர்ப்பு யாருடையது? முதல் வினாவுக்கு விடை தெரிந்தால் அடை கிடைக்கும். இரண்டாவதற்கு விடை தெரிந்தால், அந்த அடையை எழுதலாமா, விடலாமா என்பது தெளியும். களவு என்ற சொல் கேட்டவுடனே அதைத் தீதெனக் கொள்ளலாகாது என இறையனார் களவியலுரை தந்த எச்சரிக்கை, அகநூல் கற்போருக்கு மட்டுமன்றி, வரலாற்று நூல்களை மொழிபெயர்ப்போருக்கும் உரியது.